மாப்பிள்ளை இல்லாத தனிக்குடித்தனம்

எதிர்வீட்டு மோட்டார் கடைக்காரரை எங்கள் சந்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்செட் என்றால்தான் தெரியும். அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து உட்காரும். காதும் காதும் வைத்தமாதிரி ஒரு விஷயம் சார் என்று அவர் என்னை ஓரங்கட்டினால், மாடியில் துணி காயப்போடும் என் மனைவி அங்கிருந்தே அதற்குப் பதில் சொல்லிவிடுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் செய்தித்தாள் வாங்குவதை நிறுத்தினேன் என்றால் அந்தப் பெருமை முழுக்க அவரைச் சேரும்.

அப்பேர்ப்பட்ட வீட்டில் அந்த மழைக்காலத்தில் சத்தமே போடாமல் ஒரு வெடி வெடித்தது. வைத்தவள் அவருடைய தங்கை.

தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து கால்களில் பலம் கிடையாது, சக்கர நாற்காலிதான். ஆனால் கைகள் இருக்கின்றனவே, ஒருமுறை தெரியாத்தனமாக அவளோடு கைகுலுக்கிவிட்டு ஒரு வாரம் என் மோதிரத்தைக் கழற்ற முடியாமல் அலைந்தேன். கருகிப்போன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவள் வேலை. அண்ணன் மோட்டாரைப் பிரித்து, வெந்துபோன கம்பியை வெட்டி உருவிப் போட்டுவிட்டு, வெறும் இரும்பு வளையத்தை அவள் மடியில் வைப்பார். அவள் வளையத்தின் உள்பக்கத்துப் பள்ளங்களை ஸ்லாட் ஸ்லாட்டாகச் சுரண்டித் துடைத்து, இன்சுலேஷன் பேப்பரை மடித்துச் செருகி, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக்கொண்டே இறக்குவாள். ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் மறுபடி கருகும். அதனால் எண்ணும்போது பேசக் கூடாது. மைக்செட் பேசுவார். வாடிக்கையாளரின் போன் நம்பரை உரக்கச் சொல்லி எழுதுவார். நேற்றைய விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிடுவார். அவள் கம்பியை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஆயுசில் பாதியை அவள் இரண்டாம் தடவை எண்ணியே கழித்திருப்பாள் என்பது என் கணக்கு.

வாடிக்கையாளர்களுக்கு அவள் காயிலக்கா. அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா.

அந்த வருடம் மாநிலச் சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேற்றியிருந்தார்கள். உடல் ஊனமுள்ளவர்கள் விரும்பினால் சொந்தமாக ஒரு இடத்தில் குடியிருக்கலாம். குளிக்க, உடுத்த, எழுந்து உட்கார உதவி செய்ய ஒரு ஆளை அதற்கென்று உள்ள மையம் அனுப்பிவைக்கும். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பது, இன்னது செய் என்று சொல்வது, பிடிக்கவில்லையென்றால் அனுப்பிவிடுவது எல்லாம் உதவி பெறுகிறவரின் உரிமை. அந்த மையத்தை நடத்தும் குழுவில் பாதிக்கு மேல் ஊனமுள்ளவர்களே இருக்க வேண்டும். இவ்வளவையும் காயிலக்கா கட்டி முடித்த காயிலில் பூசிய வார்னிஷ் காயும் நேரங்களில் போனில் படித்து முடித்துவிட்டு, ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள்.

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் கேட்டது நன்றாகக் கேட்டது.

"தனியாப் போறியா? எங்க, பாத்ரூமுக்கா? அண்ணியக் கூப்பிடு."

தங்கை ஏதோ சொல்லியிருப்பாள்.

"எதிர்வீட்டு சாரோட கீழ் ரூம்லயா? அங்க என்ன இருக்கு?"

மறுபடியும் ஏதோ சொல்லியிருப்பாள்.

"குடியிருக்கவா?"

என் வீட்டுக் கீழறை பல மாதங்களாகக் காலியாகத்தான் கிடந்தது. முன்பு அதில் ஒரு பூட்டுக்காரர் கடை வைத்திருந்தார். காயிலக்கா அதை என்னிடம் ஏற்கெனவே கேட்டிருந்தாள், நானும் தலையாட்டியிருந்தேன். என் மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்பதை அவள் இந்த ஒலிபரப்பில்தான் தெரிந்துகொண்டாள். மழை முடிந்ததும் அந்த அறையில் மெத்தைகளை அடுக்கிக்கொள்வதாக அவளுடைய தம்பிக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். மெத்தை வியாபாரியான என் மச்சினன் ஒரு இடத்தில் மெத்தை போட்டால் அப்புறம் அது அவனுடைய இடம்.

"இந்த வாரிசுக்குள்ள அந்தப் பொண்ணு வந்தா வரட்டும். இல்லேன்னா மெத்த வந்துரும்" என்றாள் மனைவி.

"வாரிசு இல்லம்மா, வரிசை. விண்ணப்பத்த வரிசை வரிசையாத்தான் எடுக்கறாங்க, அடுத்த வரிசை அடுத்த வருஷம்தானாம்."

"அதத்தான் சொல்றேன்."

மறுநாள் காலை தெருக்குழாயில் மைக்செட்டின் மனைவி குடத்தை வைத்துவிட்டு, யாரோ கேட்டதற்குச் சாதாரணமாக, "எங்க நாத்தனார் தனிக்குடித்தனம் போறாங்களாம்" என்று சொல்லிவிட்டாள். தப்பான வார்த்தை இல்லை. தனியாக ஒரு குடித்தனம், அவ்வளவுதானே. ஆனால் குடம் நிறைவதற்குள் அந்த வார்த்தைக்கு ஒரு மாப்பிள்ளை முளைத்துவிட்டான்.

மாப்பிள்ளை யார் என்று ஆராய்ந்ததில் சந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு கட்சி போட்டோ ஸ்டுடியோக்காரரைச் சொன்னது. அவருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பதை மறு கட்சி நினைவூட்டியதால் அந்தக் கட்சி கரைந்தது. மிஞ்சியவர் செம்புக் கம்பி சப்ளை செய்கிறவர். மனைவியை இழந்தவர், கூச்ச சுபாவி, கம்பியை எடைபோடும்போதுகூடத் தராசிடம் மன்னிப்புக் கேட்கிறமாதிரி நிற்பார். அந்த வாரம் அவர் வந்தபோது தலைமுடி கன்னங்கரேலென்று இருந்தது. சட்டையில் கடை மடிப்பு அப்படியே இருந்தது.

"நமக்குக் கல்யாணம்னு எல்லாரும் பேசிக்கறாங்க" என்றார், கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க கவலப்படாதீங்க. இது மாப்பிள்ளையே இல்லாத தனிக்குடித்தனம்" என்றாள் காயிலக்கா.

"யாரோட போறீங்க அப்ப?"

"என்னோடதான்."

அவர் தராசை எடுத்தார். "நல்ல துணைதான்" என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கம்பியை நிறுத்து வைத்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி என்று மைக்செட் சொன்னார். நான் பார்த்தவரைக்கும் அது நிம்மதி இல்லை.

மைக்செட் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை என்று முடிவுசெய்தார். அறை கொடுக்கச் சம்மதித்த துரோகி நான்தானே. என்னோடு பேசுவதில்லை என்பதைக் காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், கடையை மூடும்போது ஒருதரம் என்னிடமே வந்து விளக்கமாகச் சொன்னார்.

"ஊரு என்ன சொல்லும் சார்? தங்கச்சியத் தெருவுல விட்டுட்டான்னு சொல்லும்."

"தெருவுல இல்லண்ணே. தெருவுக்கு அந்தப் பக்கம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாத்தீங்களா சார், இப்பவே எதுத்துப் பேசறா. நான் உங்களோட பேசறதில்ல, இருந்தாலும் கேக்கறேன். நான் அவளுக்கு என்ன கொற வெச்சேன்? குளிர்னா ஸ்வெட்டர். காய்ச்சல்னா டாக்டர். அவளுக்குப் பசிக்கறது அவளுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

"அதுதான் கொற" என்றது குரல்.

சட்டத்தில் ஓட்டை இருக்கும் என்று அவர் நம்பினார். அச்சடித்து வாங்கிவந்து கடை மேஜையில் விரித்து, மேலே ஒரு மோட்டாரின் வெளிக்கூடான கேசிங்கைப் பாரமாக வைத்துவிட்டு, பிரிவு பிரிவாகப் படித்தார். மழையில் நனைந்து வெந்த பம்புகள் வாசல்வரை வரிசையாகக் கிடந்தன. தண்ணீர் இல்லாமல் தவிக்கிற வாடிக்கையாளர்கள் மோட்டாரைக் கேட்டு வந்து சட்டம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"குடும்பத்தோட சம்மதம்னு எங்கயாவது இருக்கான்னு பாக்கறேன், இல்ல. அண்ணன்னு ஒரு வார்த்தையாவது இருக்கான்னு பாத்தேன், அதுவும் இல்ல. இத எழுதினவனுக்குக் கூடப்பொறந்தவங்களே இல்ல போலருக்கு. இங்க பாருங்க, நடத்தற குழுவுல பாதிக்கு மேல அவங்களே இருக்கணுமாம். பாதிக்கு மேல அவங்களேன்னா, அப்ப நம்மள யாரு பாத்துக்கறது?"

"அந்தச் சட்டம் அண்ணிங்களுக்கும் உண்டான்னு பாருங்க" என்றாள் அவர் மனைவி, தேநீர் டம்ளரை வைத்துக்கொண்டே. "எனக்கும் ஒரு ரூம் இருந்தா தேவல."

கடைசியில் ஓட்டை அகப்படவில்லை, பொறி அகப்பட்டது. மையத்திலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். எல்லாக் கேள்விக்கும் விண்ணப்பித்தவரே பதில் சொல்ல வேண்டும். வீட்டார் யாராவது அவருக்குப் பதிலாகப் பதில் சொன்னால் விசாரணை அத்துடன் நிறுத்தப்படும், விண்ணப்பம் அடுத்த வருடத்துக்குப் போகும். உதவியாளரைத் தன் விருப்பப்படி நடத்த அவரால் முடியும் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த வருடம் என்றால் மெத்தை.

மைக்செட் அந்தப் பிரிவைப் படித்ததும் காயிலக்கா முதன்முதலாகக் கம்பியைக் கீழே வைத்தாள். அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவருக்கு இது வரப்பிரசாதம். எதிர்க்கவே வேண்டாம், வழக்கம்போல இருந்தாலே போதும்.

"அண்ணே. வேணும்னே பேசிக் கெடுப்பியா?"

"சேச்சே. உன் விஷயத்துல நான் வேணும்னு எதுவும் பண்ண மாட்டேன் பாப்பா."

அதுதான் பயம். வேண்டுமென்று செய்கிறவரை நிறுத்தலாம். இவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

எனவே ஒத்திகை வைத்தோம். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்தான் அதிகாரி. மைக்செட் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளைத் தொடையடியில் வைத்துக்கொண்டார். வாய்க்கும் கைக்கும் ஏதோ ஒயர் தொடர்பு இருப்பதாக அவர் நினைப்பு.

"உங்க வயசு என்ன?" என்று கேட்டேன்.

"நாப்பத்திரெண்டு" என்றார் மைக்செட்.

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி ஆரம்பித்தோம்.

"தண்ணி ஏதாச்சும் குடிக்கறீங்களா?"

"அவளுக்கு இந்நேரம் தாகம் எடுக்காது சார்."

"அண்ணே, அவரு அதிகாரி."

"அதிகாரிக்கும் தெரியட்டுமே. நல்ல விஷயம்தான."

வாயில் மிட்டாய் போட்டுப் பார்த்தோம். கடித்து விழுங்கிவிட்டுப் பேசினார். திருகாணி நாலைந்தை உதட்டில் கவ்விக்கொள்ளச் சொன்னோம், வேலை செய்யும்போது அவர் அப்படித்தான் வைத்திருப்பார். திருகாணியோடும் தெளிவாகப் பேசக் கற்றிருந்தார். வெளியூர் போகச் சொன்னால், இத்தனை பம்பு கிடக்கையில் எங்கே போவது என்றார், அதுவும் நியாயம். கடைசியில் அவர் மனைவியே சத்தியம் செய்தாள், அவர் பேசினால் அவர் காலை மிதிப்பதாக. அவர் காலில் இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸ் போட்டிருப்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதிகாரி ஒரு தூறல் நாளில் வந்தார். நடுவயதுப் பெண்மணி, மழைக்கோட்டு, சுறுசுறுப்பான கண்கள். கூடவே கழுத்துப் பட்டனைக் கடைசிவரை போட்ட ஒரு ஒல்லியான மனிதர். அந்த மனிதர்தான் பேசினார்.

"மேடத்துக்குக் காது கேட்காது. அவங்க கையால பேசறத நான் வாயால சொல்லுவேன். இந்த ரூம்ல யார் என்ன சொன்னாலும் அத அப்படியே மேடத்துக்குக் கையால சொல்லுவேன். நான்னு நான் சொன்னா அது மேடம். நான் இல்ல."

மைக்செட்டின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியதை நான் பார்த்தேன். என் பக்கம் சாய்ந்து, அவரால் முடிந்த மெல்லிய குரலில், "சார், இந்தம்மாவுக்குத்தான் காது கேக்காதே. அப்ப நான் லேசா எடுத்துக்குடுத்தா யாருக்குத் தெரியும்?" என்றார்.

ஒல்லி மனிதரின் கைகள் அலுங்காமல் அசைந்தன. காதைத் தொட்டன, மைக்செட்டைக் காட்டின, வாயருகே போயின, ஒரு கேள்வியாக விரிந்தன. அதிகாரி மைக்செட்டைப் பார்த்துச் சிரித்தபடி விரல்களை அசைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் ஒல்லி மனிதர், மேடமாக.

மைக்செட் கைகளைத் தொடையடியில் சொருகிக்கொண்டார்.

விசாரணை ஆரம்பித்தது. பெயர், வயது, வேலை. காயிலக்கா தன் வேலையைச் சொல்லும்போது அதிகாரி எழுந்து வந்து பாதி கட்டிய ஒரு காயிலைத் தொட்டுப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரர் மிக்சியக் கழட்டி வெச்சு ரெண்டு மாசமாச்சு. மாட்டத் தெரியல" என்றார் ஒல்லி மனிதர்.

"உங்களுக்கு வீட்டுக்காரரா?" என்றார் மைக்செட் திடுக்கிட்டு. அதையும் ஒல்லி மனிதர் முகம் மாறாமல் கையால் சொல்லி முடித்தார். மேடம் சிரித்துக் குலுங்கினார். மைக்செட்டின் மனைவி அவர் பூட்ஸை மிதித்துத் தன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில எழுந்திருக்க யார் உதவறாங்க?" என்பது அடுத்த கேள்வி.

"அண்ணியும் அண்ணனும்" என்று அவள் சொல்லி வாய்மூடவில்லை, இங்கே ஸ்டூலிலிருந்து, "வெந்நீர் நான்தான் வெக்கறேன்னு சொல்லு பாப்பா" என்று ஒரு காற்று வந்தது.

ஒல்லி மனிதர் வெந்நீரைக் காட்டினார். அப்புறம் இரண்டு கைகளையும் சேர்த்து, மார்போடு அணைத்து, தொட்டில் போல ஆட்டினார்.

அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பம்புகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"குழந்தை எங்க? வீட்ல குழந்தை இருக்கறதா விண்ணப்பத்துல இல்லையே."

காயிலக்காதான் கையை உயர்த்தினாள்.

"நான்தாங்க மேடம்."

அதிகாரி அவளைப் பார்த்தார், அவளுடைய நரைத்த காதோர முடியைப் பார்த்தார், அப்புறம் மைக்செட்டை நீண்ட நேரம் பார்த்தார். கைகள் இந்தமுறை மெதுவாக அசைந்தன.

"இதுவரைக்கும் நீங்க சொன்னத பதில்னு நான் எடுத்துக்கல. இன்னொரு தடவ அவங்களுக்குப் பதிலா நீங்க பேசினா நான் எழுந்து போயிடணும். எனக்கு இஷ்டமில்ல. சட்டம்."

காயிலக்காவின் விரல்கள் மடியில் கிடந்த ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தன. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் வாசல் பக்கம் திரும்பினேன். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் என் கீழறையின் ஜன்னல் தெரிந்தது. இவர் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் அதில் மெத்தை ஏறிவிடும்.

"இங்க உங்கள யாராவது கஷ்டப்படுத்தறாங்களா?"

"இல்ல மேடம். தங்கமா வெச்சிருக்காங்க."

"அப்புறம் ஏன் போகணும்?"

வார்னிஷ் வாடையோடு மழைக்காற்று உள்ளே வந்தது.

"எனக்கு நாப்பத்திரெண்டு வயசு மேடம். இதுவரைக்கும் நான் ஒரு தப்புகூடப் பண்ணினதில்ல. நல்லவளா இருந்ததால இல்ல, பண்ண வாய்ப்பே கிடைக்கல. எனக்கு முட்டை கருகும்னு தெரியறதுக்கு முன்னாடி அண்ணி அடுப்ப அணைச்சிடுவாங்க. நான் மழைல நனையணும்னு நினைக்கறதுக்குள்ள அண்ணன் குடையோட நிப்பாரு. ஒருநாளாச்சும் நடுராத்திரி வரைக்கும் முழிச்சிருந்துட்டு, காலைல தலைவலியோட, அடச்சே, ஏன் இப்படிப் பண்ணினேன்னு என்னை நானே திட்டிக்கணும். அதுக்கு ஒரு இடம் வேணும். அந்த ஜன்னல் தெரியுதே, அது போதும்."

ஒல்லி மனிதரின் கைகளில் அந்த முட்டை கருகியது, குடை விரிந்தது. அதிகாரி தலையசைத்தார். மைக்செட்டின் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மைக்செட்டைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதவியாளர் நீங்க சொன்னபடி செய்யலேன்னா?"

"போகச் சொல்லுவேன்."

"முகத்துக்கு நேராவா?"

"ஆமா."

"இதுவரைக்கும் யாரையாவது அப்படிப் போகச் சொல்லியிருக்கீங்களா?"

காயிலக்கா பொய் சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டோம்.

"இல்ல" என்றாள்.

அதிகாரியின் பேனா தாளின் மேல் அப்படியே நின்றது. எழுதவில்லை. அடுத்த கேள்விக்கும் போகவில்லை.

அப்போதுதான் ஸ்டூல் கிறீச்சிட்டது. மைக்செட் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. அவர் என்ன சொல்ல எழுந்தார் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாளும் போகக் கூடாது என்று கத்தியவர், தன் தங்கைக்கு ஒன்று முடியாது என்று ஒரு அந்நியர் நினைப்பதைப் பொறுக்க முடியாமல் எழுந்தார். உதவி செய்யத்தான் எழுந்தார். அந்த உதவிதான் அவளைக் கவிழ்க்கும்.

"மேடம், அவ—"

"அண்ணே" என்றாள் காயிலக்கா. "வெளிய போ."

அவள் கத்தவில்லை. மைக்செட் திரும்பிப் பார்த்தார், பின்னால் வேறு அண்ணன் யாராவது நிற்கிறாரா என்பதுபோல.

"உனக்காகத்தான் நான்—"

"தெரியும். வெளிய போய் நில்லு. முடிஞ்சதும் கூப்பிடறேன்."

ஒல்லி மனிதரின் கைகள் அந்தரத்தில் நின்றன. அதிகாரி அவரைக் கேட்டார், அவர் அதை எங்களுக்கும் சொன்னார்: "இவர் பதில் சொன்னாரா?" அவரே பதிலும் சொன்னார்: "பதில் வரல மேடம். 'அவ' வரைக்கும்தான் வந்துச்சு."

மைக்செட் போனார். இரும்புத் தொப்பி பூட்ஸ் வாசற்படியில் தடுக்கிற சத்தம் கேட்டது. அதிகாரியின் பேனா எழுத ஆரம்பித்தது. அதிகாரிக்கு என் கீழறையைக் காட்டும் வேலை விசாரணைக்கு அப்புறம்தான் என்பதால் நானும் அவர் பின்னால் போனேன்.

அவர் தூறலில், ஒரு பம்பின் மேல் கையூன்றி நின்றுகொண்டிருந்தார்.

"வெளிய போகச் சொல்லிட்டா சார்."

"ஆமா."

"என் கடையிலேர்ந்து என்னையே."

"ஆமா."

"குரலக் கவனிச்சீங்களா? கொஞ்சமும் நடுங்கல."

"இல்ல. நடுங்கல."

"எங்கப்பா இப்படித்தான் ஒரே வார்த்தைல அனுப்புவாரு. எனக்கு அந்தத் திறமை வரவே இல்ல. நான் ஒருத்தரப் போகச் சொன்னா, ஏன் போகணும்னு விளக்கி முடிக்கறதுக்குள்ள அவங்க சாப்பிட்டுட்டுப் போவாங்க." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "இதுக்கு மார்க் போடுவாங்களா சார்?"

"முழு மார்க்."

"போடணும். போடலேன்னா நான் உள்ள போய்க் கேப்பேன்."

"நீங்க இங்கயே நில்லுங்க."

நின்றார். அது முடிகிறவரை அவர் அங்கேயே நின்று நனைந்தார் என்பது எங்கள் சந்தின் சரித்திரத்தில் பதிய வேண்டிய விஷயம். அதிகாரி வெளியே வந்ததும் அவரிடம் போய்க் கைகளை அசைத்தார்.

"உங்க உதவிக்கு நன்றி" என்றார் ஒல்லி மனிதர்.

"நான் ஒண்ணும் பண்ணலயே."

"போனீங்களே."

உத்தரவு வந்துவிட்டது. என் மச்சினன் மெத்தைகளை வேறு யாரோ பாவப்பட்டவர் வீட்டில் அடுக்கினான். மைக்செட் என் வாசலில் நாற்காலி ஏற ஒரு சாய்தளம் செய்துகொடுத்தார், பம்பு அஸ்திவாரத்துக்குப் போடுகிற இரும்புத் தகட்டில், அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்து. யானை ஏறினாலும் வளையாது. எதற்கு இவ்வளவு என்றால், யானையும் வரலாம் சார், யாரு கண்டது என்றார்.

உதவியாளர் வேலைக்கு மையம் சிலரை அனுப்பியது. காயிலக்கா மடியில் வேலையை வைத்துக்கொண்டே பேசிப் பார்த்தாள். ஒருத்தி வந்ததுமே, "உங்களப் பாத்தா எனக்குக் கண்ணுல தண்ணி நிக்குதுக்கா" என்றாள். "அப்ப வேல செய்யறப்ப கண்ணு தெரியாதேம்மா" என்று அனுப்பிவைத்தாள். இன்னொருத்தி தான் எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறாள் என்று எடை சொல்லிக்கொண்டே போனாள், லாரி ஆபீசில் கேட்கிறமாதிரி இருந்தது. மூன்றாவதாக வந்த பெரிய உருவம் கொண்ட பெண், "குளிக்கத் தண்ணி எப்படி வேணும், சூடாவா, வெதுவெதுன்னா?" என்று கேட்டாள். காயிலக்காவுக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடமாக அண்ணன் வைக்கிற சூட்டில்தான் குளித்திருக்கிறாள். "ரெண்டும் ஒருதரம் பாத்துட்டுச் சொல்றேனே" என்று அவளையே வைத்துக்கொண்டாள்.

இப்போது காலையில் அவள் சாலையைக் கடந்து கடைக்கு வேலைக்கு வருகிறாள், சாயங்காலம் கடந்து வீட்டுக்குப் போகிறாள். நடுவில் இருக்கிற தூரம் ஒரு லாரி போகிற அகலம்தான். அதை மைக்செட் வெளியூர்ப் பயணம்போல வழியனுப்புவார்.

போன ஞாயிற்றுக்கிழமை. அவர் ஒரு மூடிபோட்ட பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு கீழறைக்கு வந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. அவர் தள்ளிப் பார்த்தார். உள்தாழ்ப்பாள். கதவையே பார்த்து நின்றார். அப்புறம், வாழ்க்கையில் அதைச் செய்து பழக்கமில்லாதவராக, விரலை மடக்கிக் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான் பாப்பா. அண்ணன். சூப் கொண்டுவந்திருக்கேன்."

உள்ளே நாற்காலிச் சக்கரம் கதவுவரை உருண்டு வந்து நின்றது.

"நான் வீட்ல இல்லண்ணே" என்றாள்.

மைக்செட் கதவைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இதோ சந்து முழுக்கக் கேட்கப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்படியா" என்றார். "எப்ப வருவ?"

"சாயங்காலமாகும்."

"சரி. வந்தா, அண்ணன் வந்துட்டுப் போனேன்னு சொல்லு."

"சொல்றேன்."

பாத்திரத்தைச் சாய்தளத்தின் ஓரத்தில், நாற்காலிச் சக்கரம் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, அவர் சாலையைக் கடந்து போனார்.